கதை வாழும் ஊரும் வாய்மையின் கடனும்: நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லையூர்களை முன்வைத்து

முன்னுரை

புனைகதை ஒன்றின் பெயரால் ஓர் ஊர் புகழ்பெறுவதும், அக்கதையில் நெஞ்சம் தோய்ந்தோர் அவ்வூரைத் தேடிச் செல்வதும் புதிய வழக்கமன்று. சிலப்பதிகாரம் கற்றவர் பூம்புகாரின் கடற்கரையைக் காண விழைகின்றனர். பொன்னியின் செல்வனைப் படித்தவர் வீராணத்து ஏரிக்கரையில் நின்று வந்தியத்தேவனை நினைவுகூர்கின்றனர். சுற்றுலா ஒரு தொழிலாக வளர்ந்த பின்னர் இவ்விழைவு ஊர்களின் வருவாய்க்கும் வழியாயிற்று. இந்நிலையில் ஓர் அறவியல் வினா எழுகின்றது. கதையில் நிகழ்ந்ததை மண்ணில் நிகழ்ந்ததாகக் காட்டும் ஊர், தன்னை நாடி வருவோரிடம் பொய்யுரைக்கின்றதா? பொய்யன்று எனின், அவ்வூர் ஏற்க வேண்டிய கடன் யாது? கேரளத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லையூர்களையும் அங்கு வழங்கும் மார்த்தாண்டவர்மர் கதையையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையூர்களும் கதைநிலமும்

பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்குக் கேரளம் முடிந்து தமிழகம் தொடங்குகின்றது. இவ்வெல்லை 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநில அமைப்பினால் உருவானது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நிலம் பிரிந்ததேயன்றிக் கதை பிரியவில்லை. மார்த்தாண்டவர்மர் கதையின் களங்களுள் பத்மநாபபுரமும் கள்ளியங்காடும் தமிழகத்தில் உள்ளன. நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரமும் கேரளத்தில் உள்ளன. தமிழ்மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே இன்றும் ஆண்டு வருகின்றது.

இரு மாநிலங்களையும் இணைக்கும் பழைய பயணம் ஒன்றும் இவ்வழியே நிகழ்கின்றது. ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டிப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். அவ்வூர்வலம் குழித்துறையையும் களியக்காவிளையையும் பாறசாலையையும் கடந்து நெய்யாற்றின்கரையில் தங்கிச் செல்வது மரபு. வழிநெடுக மக்கள் விளக்கேற்றி வரவேற்கின்றனர். இங்குத் தெய்வமே பயணி. ஊர் அதற்கு விருந்தோம்பும் இடம். சுற்றுலாவிலோ மனிதன் பயணி. கதை அவனுக்கு விருந்தாக வைக்கப்படுகின்றது. விருந்து படைப்போனுக்கு அறம் உண்டு என்பது தமிழ் மரபின் அடிப்படைக் கருத்தாதலின், கதையை விருந்தாக்கும் ஊருக்கும் அறம் உண்டு எனத் தொடங்குதல் பொருந்தும்.

பலாமரமும் மூன்று காப்பாளரும்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உட்பொந்து கொண்ட பழம்பலா ஒன்றின் அடிமரம் பேணப்படுகின்றது. மக்கள் அதனை அம்மச்சிப் பிலாவு என வழங்குவர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், அரியணை ஏறுமுன் பகைவரால் துரத்தப்பட்டபோது இம்மரப்பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது கதை. ஒளிந்துகொள்ளுமாறு வழிகாட்டியவன் ஒரு சிறுவன். அவன் கண்ணனே எனப் பின்னர் உணர்ந்த மன்னர் அங்குக் கோயில் எழுப்பினார் என்று தலவரலாறு கூறும்.

இக்கதைக்கு இலக்கிய வாழ்வு தந்தவர் சி.வி. இராமன் பிள்ளை. 1891இல் வெளிவந்த அவரது மார்த்தாண்டவர்மா மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலாகப் போற்றப்படுவது. அதிலும் பலாமரப் பொந்து ஒளிவிடமாகின்றது. ஆயின், காப்போன் கண்ணனல்லன். பித்தனெனத் திரியும் சாணான் ஒருவன். கதை வளர, அச்சாணான் மாறுவேடம் பூண்ட அனந்தபத்மநாபன் எனும் உயர்குடி இளைஞனே என்பது வெளிப்படுகின்றது.

இவ்விரு வடிவங்களையும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தலவரலாற்றில் மன்னரைக் காப்பது தெய்வம். நாவலில் அவரைக் காப்பது எளியோன் வேடமிட்ட பெருங்குடியினன். வேடத்துக்குரிய எளியோன், அதாவது உண்மையிலேயே பனையேறி வாழ்ந்த ஒருவன், இரண்டிலும் இல்லை. பகைவர் சூழ்ந்த நாட்டில் இளவரசர் ஒருவர் மறைந்து திரிந்திருப்பின், அவருக்கு உணவும் ஒளிவிடமும் தந்தோருள் பெயரற்ற உழைப்பாளர் இருந்திருத்தல் இயல்பாகும். கதை அவர்தம் உருவத்தை ஏற்றுக்கொண்டது. அவர்தம் உரிமையை ஏற்கவில்லை. எனவே மரத்தைக் காட்டும் ஊர் எந்தக் காப்பாளனைக் காட்டுகின்றது என்பது அறவினாவாகின்றது.

மரத்தின் பெயரும் நோக்கத்தக்கது. அம்மச்சி என்னும் சொல் தாயையும் முதியவளையும் குறிக்கும். அடைக்கலம் தந்த மரத்தைத் தாயாகக் கருதுதல் மக்கள் மனத்துக்கு ஏற்றதே. திருவிதாங்கூர் அரண்மனை வழக்கிலோ மன்னரின் துணைவியை அம்மச்சி என அழைத்தனர். மருமக்கள்தாய முறையில் அம்மச்சியின் மக்களுக்கு அரியணையில் உரிமையில்லை. மார்த்தாண்டவர்மரோடு மோதிய தம்பிமார் முன்னைய மன்னர் இராமவர்மரின் மக்கள், அம்மச்சியின் மக்கள். அம்மச்சியின் மக்களுக்கு அஞ்சி ஓடியவரைக் காத்த மரம் அம்மச்சியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இஃது ஒரு தற்செயல் ஒற்றுமையாகலாம். எனினும் தோற்றோரின் நிழல் வென்றோரின் கதைக்குள்ளும் படிந்திருப்பதை இது நினைவூட்டுகின்றது.

பெயர் சுட்டுதலின் அறம்

கதை பொய்யன்று எனத் தமிழ்க் கவிதையியல் நெடுங்காலமாகவே தெளிந்துள்ளது. தொல்காப்பியம் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே புலனெறி வழக்கத்தை அமைக்கின்றது. கற்பனை கலந்தமையால் ஒரு பாடல் வாய்மை இழப்பதில்லை. ஆயின் அதே நூல் அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுதல் கூடாது என வரையறுக்கின்றது. பெயர் சுட்டியவிடத்துப் பாடல் புறமாகும். பத்துப்பாட்டுள் நெடுநல்வாடை பெரும்பாலும் அகப்பொருள் நிறைந்ததாயினும், வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனைச் சுட்டுதலால் அது புறமே என நச்சினார்க்கினியர் கொண்டதைத் தமிழறிஞர் நன்கறிவர். ஒரு தழை ஒரு பாடலின் திணையையே மாற்றிவிட்டது.

இவ்விதியை உணர்ச்சியின் பொதுமை குறித்ததாகவே உரையாசிரியர்கள் விளக்குவர். அதனைச் சிறிது நீட்டி அறவியல் விதியாகவும் கொள்ளலாம். பெயர் சுட்டாத கதை எவர் மீதும் சான்று பகர்வதில்லை. அது எல்லார்க்கும் உரியது. பெயரும் ஊரும் சுட்டிய கதையோ மனிதர் சிலரை நல்லோராகவும் சிலரைத் தீயோராகவும் பதிவு செய்கின்றது. ஆகவே அது சான்றாகின்றது. சான்றாகிய சொல் வினாவுக்கு விடை கூற வேண்டும். வேப்பந்தழை நெடுநல்வாடையைப் புறமாக்கியது போலவே நெய்யாற்றின்கரைப் பலாமரம் ஒரு வீரக்கதையைச் சான்றாக்குகின்றது. நாவலை வீட்டிலிருந்து படிப்பவன் அதனைக் கதை என்றே படிக்கிறான். மரத்தின் முன் நிற்பவனிடம் ஊர் கூறுவது வேறு: இதோ, இங்குத்தான் நிகழ்ந்தது என்பது அக்கூற்று. நாவல் எழுதப்பட்டது நிகழ்ச்சி நடந்ததாகக் கூறப்படும் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் பின்னர் என்பதை மரம் கூறுவதில்லை.

இவ்விடத்து வள்ளுவரின் வாய்மை அதிகாரம் துணைபுரிகின்றது. வாய்மையை அவர் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறலாக வரையறுக்காது, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லாக வரையறுக்கின்றார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அவர் கருத்து. கதையால் வாழும் ஊருக்கு இதனினும் பெரிய ஆதரவு இல்லை. பூ விற்போரும் தேநீர்க் கடையினரும் வண்டியோட்டுவோரும் பெறும் வருவாய் நன்மையே. சிறுவர் ஒரு மரத்தின் முன் நின்று வரலாற்றில் ஆர்வம் கொள்வதும் நன்மையே. ஆயின் வள்ளுவர் நன்மை என்று மட்டும் நிறுத்தாது குற்றமற்ற நன்மை எனக் கட்டளை விதித்தமை கருதத்தக்கது. ஒருவர்க்கு நன்மை பயக்கும் கதை மற்றொருவரை மறைத்தோ பழித்தோ அந்நன்மையைப் பெறுமாயின் அது குற்றம் தீர்ந்ததாகாது. எனவே கதையூரின் வாய்மையை அளக்கும் கோல், அக்கதை நிகழ்ந்ததா என்பதன்று. அக்கதையால் எவர் மறைக்கப்பட்டனர் என்பதே.

மறைந்த கதைகள்

முதலில் மறைக்கப்பட்டோர் தோற்றவரே. நாவலில் தம்பிமாரும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் பேராசையும் வஞ்சகமும் கொண்ட பகைவர். தென்திருவிதாங்கூரின் தமிழ்க் கதைப்பாடலாகிய வலியதம்பி குஞ்சுத்தம்பி கதையோ அவர்களை வீரராகவும் வஞ்சனையால் வீழ்ந்தவராகவும் பாடுகின்றது. ஒரே நிகழ்ச்சியை அச்சேறிய நாவல் அரண்மனையின் பக்கம் நின்றும், வாய்மொழிப் பாடல் தோற்றோரின் பக்கம் நின்றும் காண்கின்றன. எட்டுவீட்டாரின் ஆண்கள் கொல்லப்பட்டுப் பெண்டிரும் குழந்தைகளும் கடற்றுறை மக்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்னும் மரபுச் செய்தியும் வழங்குகின்றது. அச்செய்தியின் கொடுமை பலாமரத்தின் கதைக்குள் இடம்பெறுவதில்லை. அகால மரணமுற்றோரைத் தெய்வமாக்கிப் பாடும் வில்லுப்பாட்டு மரபு இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. கொடைவிழா நாளில் தோற்றோரும் தம் வாயால் பேசுகின்றனர். சுற்றுலாக் கையேட்டில் அவர்களுக்கு வாயில்லை.

இரண்டாவதாக மறைக்கப்பட்டோர் அதே மண்ணின் எளிய மக்கள். அருவிப்புறத்தில் 1888இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவியதும், 1859இல் அரசாணை பெறும்வரை தென்திருவிதாங்கூர்ப் பெண்கள் மேலாடை உரிமைக்குப் போராடியதும், 1938 ஆகஸ்டு 31ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் பொறுப்பாட்சி கோரிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததும் இந்நிலப்பகுதியின் பதிவுபெற்ற வரலாறாகும். நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள ஊருட்டம்பலத்தில் 1910களில் அய்யன்காளி பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அதனைப் பொறாதோர் பள்ளிக்குத் தீயிட்டனர். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் இன்றும் காக்கப்படுகின்றது. 2022இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகியோரின் பெயரைச் சூட்டியது.

பலாமரமும் எரிந்த பெஞ்சும் மரத்துண்டுகளே. ஒன்று அரசனாகப் போகும் ஒருவருக்கு அடைக்கலம் தந்ததாகக் கதை கூறுகின்றது. மற்றொன்று ஒரு சிறுமிக்கு இருக்கை மறுக்கப்பட்டதற்குச் சான்று கூறுகின்றது. முன்னதைக் காண வருவோன் பின்னதையும் காண்பானாயின் கதை வறுமையுறுவதில்லை. பெயரறியாச் சாணான் ஒருவன் அரசனைக் காத்திருக்கலாம் என நம்பும் மனம், அச்சாணானின் குலப்பெண்டிர் மேலாடைக்குப் போராட நேர்ந்ததையும் அறிதல் வேண்டும். அவ்விரண்டையும் இணைத்து அறிவதே அக்கதையை முழுமையாக அறிவதாகும்.

பிற ஊர்கள் தரும் படிப்பினை

இச்சிக்கல் இவ்வூர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஃபோர்க்ஸ் மரம்வெட்டும் தொழிலை நம்பியிருந்த சிற்றூர். 2005இல் வெளிவந்த ட்வைலைட் நாவல் அவ்வூரை இரத்தம் உறிஞ்சும் மாந்தரின் இருப்பிடமாக்கியது. நாவலாசிரியர் ஸ்டெபனி மேயர் அவ்வூரைக் காணாமலே எழுதத் தொடங்கியவர். வாசகர் திரண்டு வந்தனர். ஊர் விழா எடுத்தது. அதே கதை அண்மையிலுள்ள க்விலியூட் பழங்குடியினரை ஓநாயாக மாறும் மக்களாகச் சித்திரித்தது. அம்மக்களின் மெய்யான மரபு வேறு என்பதை விளக்க, பர்க் அருங்காட்சியகம் அப்பழங்குடியினரோடு இணைந்து நாவலையும் உண்மையையும் ஒப்பிட்டுக் காட்டும் முயற்சியை மேற்கொண்டது. கதை ஓர் ஊருக்கு வாழ்வளித்தபோதே அயலாரின் பெயரைக் கேளாமல் எடுத்துக்கொண்டது என்பது இங்கு அறியத்தக்கது.

இத்தாலியின் வெரோனாவில் யூலியத்தின் வீடு எனக் காட்டப்படும் மாளிகையின் மாடமுகப்பு 20ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டது. பூம்புகாரிலோ 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் கண்ணகியின் வீடு எனத் தன்னைக் கூறிக்கொள்ளவில்லை. காப்பியக் காட்சிகளைச் சிற்பமாக வடித்த கலைக்கூடம் என்றே அது நிற்கின்றது. இரண்டும் பிற்காலக் கட்டுமானங்களே. முன்னது கதையை எச்சமாக மாற்றுகின்றது. பின்னது கதையைக் கலையாகவே வைத்திருக்கின்றது. காண்போனின் மகிழ்ச்சி பூம்புகாரில் குறைவதில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

கதையின் உடைமை பற்றிய வழக்கும் மார்த்தாண்டவர்மா நாவலுக்கு உண்டு. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கிய மௌனப்படம் 1933இல் திரையிடப்பட்டது. நாவலின் பதிப்புரிமை பெற்றிருந்த கமலாலயம் புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தமையால் அப்படம் நிறுத்தப்பட்டது. படச்சுருள் பின்னர்ப் புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. நீதிமன்றம் தீர்த்தது எழுத்தின் உடைமையை மட்டுமே. மரத்தின் கதைக்கும் மக்கள் பாடிய பாடலுக்கும் உடையவர் யார் என்பது எந்த நீதிமன்றத்துக்கும் சென்ற வினாவன்று. உடையவர் இல்லாத பொருளைக் காப்பதற்குச் சட்டம் போதாது, அறமே வேண்டும்.

பிணை நிற்றல்: நீலி கதை தரும் அளவுகோல்

அவ்வறம் யாது என்பதற்கு இந்நிலத்தின் மற்றொரு கதையிலேயே விடை உண்டு. நாவலின் தொடக்கத்தில் வரும் பஞ்சவன்காடு, யட்சி உலவும் இடமாக மக்கள் அஞ்சிய பகுதி. அங்கு உறைந்தவளாகக் கூறப்படும் கள்ளியங்காட்டு நீலி, மலையாள மரபில் கடமற்றத்துக் கத்தனார் கதையோடு இணைந்து பெரும்புகழ் பெற்றவள். 2025இல் வெளிவந்த லோகா திரைப்படம் அவளைப் புதிய தலைமுறைக்கும் உரியவளாக்கியது. தமிழகத்தின் வடபகுதியில் அவள் பழையனூர் நீலி. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையின் குறிப்பு உள்ளது. ஒரு கதை தொண்டைநாட்டிலும் வேரூன்றி, நாஞ்சில்நாட்டு வில்லுப்பாட்டிலும் வேரூன்றி, மலையாளத்திலும் தழைத்தது. எந்த ஊர் நீலியின் மெய்யான ஊர் எனக் கேட்பது பயனற்றது; மூன்றும் அவளைப் பெற்றவையே.

அக்கதையின் உயிர்நிலை யட்சியின் அச்சத்தில் இல்லை. கொம்பொன்றைக் குழந்தையாக்கி ஏந்தி வந்த நீலி, வணிகன் ஒருவனைத் தன் கணவன் எனச் சாதிக்கின்றாள். அஞ்சி நடுங்கும் வணிகனுக்கு ஊரின் வேளாளர் எழுபதின்மர் பிணை நிற்கின்றனர். அவன் உயிருக்குத் தம் உயிரை ஈடாக்குகின்றனர். வணிகன் மாண்டபின் சொன்ன சொல் பிழையாது தீப்புகுகின்றனர். அவர்தம் தீர்ப்புத் தவறானது, அவர்கள் ஏமாற்றப்பட்டனர். எனினும் தமிழ் மரபு அவர்களைப் பொய்யர் என்று இகழாமல் வாய்மையாளர் என்று போற்றுகின்றது. காரணம் தெளிவு. தாம் அயலானுக்குக் கூறிய சொல்லுக்கு அவர்கள் பொறுப்பேற்றனர்.

கதை சொல்லும் ஊரின் வாய்மையும் இத்தகையதே. மரம் அந்த மரந்தானா, சிறுவன் கண்ணன்தானா என்பதை எவரும் உறுதி செய்ய இயலாது; செய்ய வேண்டுவதும் இல்லை. அயலூரிலிருந்து வருவோனிடம் சொல்லும் சொல்லுக்கு ஊர் பிணை நிற்கின்றதா என்பதே வேண்டுவது. மரபு இவ்வாறு கூறும், நாவல் இவ்வாறு புனைந்தது, தோற்றோரின் பாடல் இவ்வாறு பாடும், ஆவணம் இவ்வளவே காட்டும் என நான்கையும் பிரித்துரைக்கும் ஊர் தன் சொல்லுக்குப் பிணை நிற்பதாகும். வருவோனின் வியப்பை இது குறைக்கும் என அஞ்சுவோர் உளர். பூம்புகாரின் சான்று அவ்வச்சத்தை நீக்குகின்றது. மேலும், ஒரே மரத்தைச் சுற்றி நான்கு குரல்களைக் கேட்பவன் ஒரு குரலைக் கேட்பவனைக் காட்டிலும் நெடுநேரம் அங்கு நிற்பான்.

இதற்கான காலமும் நீண்டதன்று. பாறசாலைக்கு அண்மையில் செங்கல் மகேசுவரம் கோயிலில் 2019இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 111 அடி உயரமுள்ள சிவலிங்க வடிவம் பெருந்திரளை ஈர்க்கின்றது. உயரத்தை விரும்பும் கண்களுக்குப் பட்ட அடிமரம் ஒன்று சிறிதாகவே தோன்றும். வில்லுப்பாட்டை முழுமையாகப் பாடவல்லோர் அருகி வருகின்றனர். எல்லைக்கு அப்பாலுள்ள பாடலை இப்பாலுள்ளோர் அறியாமற் போகுமாயின், மரத்தின் கதைக்கு ஒரே குரல்தான் எஞ்சும். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இவ்வெல்லையூர் மக்களே இரு மொழிக் கதைகளையும் ஒருங்கே கேட்கும் செவி உடையோர். மொழிவழி எல்லை அவர்களைக் கடைசியில் வைத்தது. கதைநிலத்தில் அவர்கள் நடுவில் நிற்கின்றனர்.

முடிவுரை

கதையால் ஓர் ஊர் வாழ்வது குற்றமன்று; கதை கற்பனையாதலால் அது பொய்யும் அன்று. பெயரும் இடமும் சுட்டப்பட்டவுடன் கதை சான்றின் தன்மையைப் பெறுகின்றது. சான்றுக்குரிய கடனும் அதனுடன் வருகின்றது. வள்ளுவர் விதித்த குற்றமற்ற நன்மை என்னும் அளவுகோலின்படி, கதையால் மறைக்கப்பட்டோருக்கு இடமளித்தலே அக்கடனின் முதற்கூறு. நெய்யாற்றின்கரைப் பலாமரத்தின் முன் தம்பிமாரின் பாடலும் ஊருட்டம்பலத்துப் பெஞ்சின் செய்தியும் கேட்கப்படுதல் அதன் பொருட்டே. தன் சொல்லுக்குப் பிணை நிற்றல் அக்கடனின் இரண்டாம் கூறு. பழையனூர் வேளாளர் அறியாத பெண்ணொருத்தி முன் அயலான் ஒருவனுக்காகப் பிணை நின்றனர். இன்று ஊர்கள் பிணை நிற்க உயிரை ஈடு வைக்க வேண்டுவதில்லை. மரத்தடியில் வந்து நின்று இங்கு என்ன நடந்தது எனக் கேட்கும் சிறுவனுக்கு, அறிந்ததை அறிந்ததாகவும் கதையைக் கதையாகவும் கூறும் துணிவு ஒன்றே போதும்.